எட்டுக்கு நாலு தகரம்

வனத்துறை தந்த தாளில் படம் இல்லை.
பெயர்கள் மட்டும், பதினேழு.
தேரூர்க் குளத்தங்கரையில் நிறுத்த ஒரு பலகை,
எட்டடிக்கு நாலடி, தகரம்.
பறவை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.
மார்ச் முடியுமுன் பில் வந்தாக வேண்டும் என்றார்கள்.

நான் கடைப்பலகை எழுதுகிறவன்.
கோட்டாறு கம்போளத்தில் பாதி எழுத்து என் கை.
பெயரை வாசித்தேன், டப்பாவைத் திறந்தேன்.
செந்நாரைக்குத் தபால்பெட்டிச் சிவப்பு.
கரும்பருந்துக்கு யாரோ வீட்டு கேட் அடித்து மிஞ்சிய கறுப்பு.
பச்சைக்காலிக்குக் கால் பச்சை.
அதற்கு மேலே என்ன நிறமென்று தாள் சொல்லவில்லை,
மேலேயும் பச்சை.
மடையான் பெயரில் நிறமே இல்லை.
கோடு மட்டும் போட்டு
உள்ளே வெறுந்தகரமாய் விட்டேன்.

வாட்ச்சர் சுபலீலா வந்து பார்த்தாள்.
சிரித்து முடிக்க
ஒரு சாயா குடிக்கிற நேரம் ஆனது அவளுக்கு.
"இது எந்தக் குளத்துப் பறவை ஓய்?"

மறுநாள் விடியுமுன் கரையில் நின்றேன்.
மருத்துவாழ்மலை இன்னும் எழும்பவில்லை.
தாமரை இலைகளின் நடுவே
முதலில் ஒரு கழுத்து.
துருப்பிடித்த ஆணியின் நிறம், அதில் ஒரு கறுப்புக் கோடு.
உடம்போ, மழைக்கு முந்தின வானம்.
அதுதான் என்றாள்.
எதுதான்?
செந்நாரை.
இதில் சிவப்பு எங்கே இருக்கு?
எனக்குச் சம்பளத்தில் அது இல்லை என்றாள்.
பத்தடி தள்ளி இன்னொன்று நின்றது,
அதே உயரம், அதே நிற்பு, முழுக்கச் சாம்பல்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.
சாம்பல் பக்கத்தில் நிற்கும்வரை
அது சிவப்புதான்.

பைக்கில் திரும்பும்போது வழியெல்லாம் பொய்.
கருப்பட்டி கறுப்பா?
சீனியின் பக்கத்தில் வை, கறுப்பு.
ஆஸ்ராமம் திருப்பத்தில் குறுக்கே போன வெள்ளாடு
அட்டைக்கரி.
செம்மறி எந்தக் காலத்தில் சிவந்தது?
பச்சவெள்ளம் குடித்து வளர்ந்தவன் நான்,
ஒரு நாளும் கிளாஸைத் தூக்கி
பச்சையா என்று பார்த்ததில்லை.

வீட்டில் என்னை வெளுத்தவன் என்பார்கள்.
அண்ணன் தங்கசிகாமணி கறுத்தவன்.
இருவரும் ஒரே டப்பாவில் முக்கியெடுத்த ஆட்கள்தான்,
அவனுக்கு ஒரு கோட்டு கூடுதல்.
அவன் மஸ்கட் போய்ப் பதினோரு வருஷம்.
இப்போது நான் என்ன நிறம்?
வங்கியில் கேட்டால் ஆதார் காட்டலாம்.
இதற்கு எதைக் காட்ட?

தபால்பெட்டிச் சிவப்பைச் சுரண்டினேன்.
ரெட் ஆக்ஸைடில் கொஞ்சம் மஞ்சள்,
குச்சிமுனையில் தொட்டுக் கறுப்பு.
முதல் தடவை செங்கல் வந்தது.
இரண்டாம் தடவை மீன்குழம்பு.
நாலாவதில் கழுத்து வந்தது.
கம்பெனி அட்டையில் அதற்கு எண் கிடையாது,
டப்பா மூடியில் 'செந்நாரை' என்று எழுதிவைத்தேன்.
கரும்பருந்துக்குக் கருப்பட்டி.
பச்சைக்காலியின் முதுகு
காய்ந்த உப்பளத்துச் சேறு.

மடையானையும் பார்த்தேன்.
மடை ஓரம் மண்ணோடு மண்ணாய் ஒரு கட்டி.
சுபலீலாவின் செருப்புச் சத்தம் கேட்டதும்
அந்த மண்கட்டி வெள்ளையாக எழுந்து போனது.
எந்த நிறத்தை அடிக்க?
உட்கார்ந்ததை அடித்தால் பறந்தது கோபிக்கும்.
கோடு கோடாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

போன வாரம் பார்வதிபுரத்தில் ஒரு வீட்டுக்காரர்,
கேட்டுக்கு நிறம் சொல்லத் தெரியாமல்
கையைக் கையை ஆட்டினார்.
அந்த மூடியைக் காட்டினேன்.
இதுதான் இதுதான், இதுக்குப் பேர் என்ன என்றார்.
செந்நாரை.
ரெண்டு லிட்டர் போதுமா என்றார்.

குளத்துப் பலகைக்குப் பணம் வந்துவிட்டது.
பதினாறு பறவைக்கு.
ஒன்றைக் கழித்துவிட்டார்கள்.